கோகிலவாணியின் ஏழாவது நாவல்

"மேடம், அந்தக் காலத்துல ஒரு பாளையக்காரர் மக ஆத்துக்குக் குளிக்கத் தனியா போவாளா, இல்ல கூட ஆள் போகுமா?"

கோகிலவாணி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். செம்பூரில் ஒரு ஹோமியோபதி டாக்டரின் கிளினிக்கில் முட்டிவலிக்காகக் காத்திருந்தேன். அவள் அங்கே டோக்கன் கொடுத்து, சின்னப் புட்டிகளில் வெள்ளை உருண்டைகளை நிரப்பித் தரும் உதவியாளர். என் மடியில் தமிழ்ப் பத்திரிகை இருந்ததைப் பார்த்துவிட்டாள். மும்பையில் தமிழ் படிக்கிற ஆளைக் கண்டால் அவள் விடுவதில்லை.

"எதுக்கும்மா கேக்கறே?" என்றேன்.

"கத எழுதுதேன் மேடம். சரித்திரக் காதல் கத. தப்பா எழுதுனா வாசகருங்க பிடிச்சிருவாங்க."

எனக்கு என்ன தெரியும்? மாட்டுங்காவில் பிறந்து, வங்கியில் கணக்கெழுதி ரிடயர் ஆனவள். தெரியாது என்றேன். அவள் ஏமாற்றமடையவில்லை. அடுத்த முறை போனபோது வேறொரு கேள்வி வைத்திருந்தாள். அப்படித்தான் பழக்கமானோம். ஆறு மாதத்தில் நான் 'மேடம்' என்பதிலிருந்து 'அக்கா' ஆகிவிட்டேன்.

அவளுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தாராவியில், இரும்பு ஏணி வைத்த மாடி அறை. கணவர் வெயிலுமுத்து தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. மகள் கீதா ஜூனியர் காலேஜில் பதினொன்றாம் வகுப்பு. தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. "மம்மி போன்ல ஏதோ ஸ்டோரி லிக்தி ஹை" என்று, ஏதோ கதை எழுதுகிறாள் என்கிற மாதிரி, தோழிகளிடம் சொல்வாளாம். அந்த ஸ்டோரி ஒரு செயலியில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயமாக வந்துகொண்டிருந்தது. புனைபெயர் முத்துநகை. ஆறு நாவல் முடித்திருந்தாள். சில ஆயிரம் பேர் படித்தார்கள். நோயாளிகள் வராத நேரத்திலும், ஹார்பர் லைன் ரயிலில் பெண்கள் பெட்டியின் கதவோரத்திலும் நின்று கட்டைவிரலால் எழுதியவை எல்லாம்.

விவரத்துக்காக அவள் அலைந்ததைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். குர்லா பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய், குதிரை வியர்த்தால் என்ன வாடை வரும், பயந்தால் முதலில் எது அசையும் என்று இந்தியில் கேட்பாள். "கான்" என்றாராம் அவர். காதுதான் முதலில் சொல்லும். அது அவளுடைய நான்காம் நாவலில் வந்தது. சேணத்து வாரை எப்படித் தைப்பது என்று கணவரிடம் கேட்டாள். கோட்டைக்கு சயான் கில்லா. இடிந்த அந்தக் குன்றுக் கோட்டையில் எந்நேரமும் காதல் ஜோடிகள்தான், அவர்களுக்கு இந்த ஊரில் உட்கார வேறு இடம் கிடையாது. இவள் ஒரு படியில் உட்கார்ந்து, வெயில் எந்தக் கல்லில் எப்போது ஏறுகிறது, வாட்ச்மேன் விசில் அடித்ததும் அந்தப் பெண்கள் துப்பட்டாவை எப்படி இழுத்து முகம் மூடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"காதல் சுலபம்க்கா. குதிரதான் கஷ்டம்" என்பாள்.

கேட்பதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. பெரிய விஷயத்தை நேராகக் கேட்க மாட்டாள். கயிறு என்ன தடிமன், தண்ணீர் எதில் வைப்பார்கள், அன்றைக்கு என்ன சமையல் என்று சின்னச் சின்னதாகக் கேட்பாள். "சின்னதுக்குப் பதில் சொல்லச் சொல்ல பெரிசு தானா வந்துரும்" என்று ஒருமுறை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

இந்தக் கதைகள் எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்டபோது மட்டும் அவள் மழுப்பினாள். ரொம்ப நாள் கழித்து, மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் காபி ஆறிக்கொண்டிருக்க, அவளாகவே சொன்னாள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். பெயரை நான் எழுதப் போவதில்லை. அவள் நிலமுள்ள வீட்டுப் பெண், கல்லூரியில் வரலாறு இரண்டாம் வருடம். வெயிலுமுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெரு, அவர்கள் வீட்டுக்குள் நுழையக்கூடாத சாதி. தேரோட்டத்தன்று மத்தியானம், ஊரே தேருக்குப் பின்னால் போனபோது, ஆற்றுத் துறையில் இறங்கி இருவரும் அக்கரை போனார்கள். வெயிலுமுத்துவின் அண்ணன் பேச்சிராஜா அக்கரையில் காத்திருந்து, பஸ் ஏற்றி, ரயிலேற்றி, தாராவியில் தனக்குத் தெரிந்த ஒருவரின் முகவரியையும் கொடுத்துவிட்டு அன்று இரவே ஊர் திரும்பினார்.

"எட்டாவது நாள் எங்க தோட்டத்துக் கெணத்துல மெதந்தாரு. தவறி விழுந்துட்டாருன்னு எழுதி முடிச்சிட்டாங்க" என்றாள். "எங்கப்பாவும் சித்தப்பாமாரும்தான் செஞ்சிருப்பாங்க. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். பேசிக்கிட மாட்டோம்."

அவர்கள் ஊருக்குப் போகவேயில்லை. பதினெட்டு வருடம்.

"ஒரு தடவ இவரு என் ரெண்டாவது நாவல எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. படிச்சிட்டு, 'ஏன் வாணி, ஒங்கதையில எல்லாத்துலயும் அண்ணன் பொழச்சுக்கிடுதான்?'ன்னு கேட்டாரு. அப்பதான்க்கா எனக்கே தெரிஞ்சுது."

ஆறு நாவலிலும் இருந்தார் அந்த அண்ணன். ஒன்றில் நாயகனின் தோழன், ஒன்றில் படகோட்டி, இன்னொன்றில் குதிரை லாயத்துத் தலைவன். காதலர்களைத் தப்ப வைத்துவிட்டு, துரத்தி வருபவர்களுக்கு வழியை மாற்றிச் சொல்லிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்.

ஏழாவது நாவலில் இரண்டு விஷயத்தை மாற்றுவது என்று முடிவு செய்தாள். முதலாவதற்குக் காரணம் ஒரு வாசகர். 'உங்கள் சோழ நாட்டில் காவிரி ஏன் எப்போதும் தாமிரபரணி மாதிரியே ஓடுகிறது?' என்று ஒருவர் எழுதிவிட்டார். உண்மைதான், அவளுக்கு வேறு ஆறு தெரியாது. அதனால் இந்தக் கதையை அந்த ஆற்றிலேயே, அந்தத் துறையிலேயே, பாளையக்காரர் காலத்தில் வைத்தாள். ஊர்ப் பெயரை மட்டும் கற்பனையாகப் போட்டாள். இரண்டாவது, அண்ணன் இந்தக் கதையில் சாவார்.

"எத்தன வருசம்தான் பொய் சொல்லுததுக்கா?" என்றாள்.

ஆனால் துறை மறந்திருந்தது. படித்துறைக்குக் கீழே, தண்ணீர் வற்றினால் மட்டும் தெரிகிற ஒரு கல்லில் மீன் செதுக்கியிருக்கும். ஒற்றை மீனா, இரட்டை மீனா என்று அவளுக்கு நினைவு வரவில்லை. அத்தியாயத்தின் அடியில், 'நெல்லைச் சீமை வாசகர்கள் யாராவது ஆற்றங்கரை மண்டபத்துப் பக்கம் மீன் செதுக்கிய கல் பார்த்ததுண்டா?' என்று கேட்டாள்.

ஆறுமுகத்தாய் என்ற வாசகி பதில் எழுதினாள். இரட்டை மீன். கூடவே போட்டோ.

கோகிலவாணி அந்தப் போட்டோவை எனக்கு ஓடி வந்து காட்டினாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் படங்கள் வந்தன. மண்டபத்துத் தூண், கோயிலின் பின்வாசல், கோடையில் மணல் திட்டு. அக்கா அக்கா என்று பாசமாக எழுதுகிற பெண். இவளும் மனம்விட்டு எழுதினாள். தான் செம்பூரில் ஒரு ஹோமியோபதி கிளினிக்கில் வேலை பார்ப்பதையும், பேஷண்ட் இல்லாத நேரத்தில் எழுதுவதையும் சொல்லியிருந்தாள். முகம் தெரியாத வாசகியிடம் சொல்கிற சாதாரண பேச்சு.

ஒருநாள் வந்த செய்தி இது: 'அக்கா, ஒன்னு கேக்கட்டா? அந்த மீன் கல்லு அந்தத் துறையில துணி துவைச்சவுங்களுக்கு மட்டுந்தான் தெரியும். வெளியூர் ஆளுக்குத் தெரியாது. நீங்க எங்க மதினிதான?'

ஆறுமுகத்தாய் அவளுடைய தம்பி மகேஷ்குமாரின் மனைவி.

கோகிலவாணி பதில் போடவில்லை. வெயிலுமுத்துவிடம் சொன்னாள். அவர் அன்றிலிருந்து கீதாவைக் காலேஜ் வாசல் வரை கொண்டுவிட்டுக் கூட்டிவர ஆரம்பித்தார். "எழுதுறத நிறுத்தவா?" என்று அவள் கேட்டதற்கு, "அவனுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சதுதான். நிறுத்துனா மட்டும்?" என்றாராம். அதனால் தொடர்ந்தாள். வழக்கம்போல அத்தியாயத்தின் கடைசியில் அடுத்ததற்கான தலைப்பையும் போட்டாள்: தோட்டத்துக் கிணறு.

அதற்கு மூன்று நாள் கழித்து மகேஷ்குமார் வந்தான்.

மதியம் டாக்டர் சாப்பிடப் போகிற நேரம். கடைசி நோயாளி போகும்வரை ஓரத்து நாற்காலியில் ஒருவன் டோக்கன் வாங்காமல் உட்கார்ந்திருந்தான். அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. அவள் பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள். அவன் மடியில் ஒரு ரெக்ஸின் பை. உள்ளே அரிவாள் இருக்கும் என்று தோன்றியதாம். கவுன்டரை விட்டு வெளியே வராமல், வாசல் கதவை மட்டும் நன்றாகத் திறந்து வைக்கும்படி வாட்ச்மேனிடம் குரல் கொடுத்தாள்.

"அக்கா" என்றான். "நான் ஒன்னும் செய்ய வரலக்கா."

"யாரு அனுப்புனா?"

"ஆரும் அனுப்பல. அனுப்ப ஆரு இருக்கா? அப்பா போயி ஆறு வருசம் ஆச்சு. அம்மா போன வருசம்." ஆறுமுகத்தாய் சந்தோஷத்தில் தன்னிடம் போனைக் காட்டிவிட்டதாகவும், செம்பூரில் ஒவ்வொரு ஹோமியோபதி கிளினிக்காகக் காலையிலிருந்து தேடியதாகவும் சொன்னான்.

தாயும் தகப்பனும் செத்த செய்தி இவளுக்கு இப்படி வந்தது. அழுகை வரவில்லை. "என்னத்துக்குல வந்த?" என்று கேட்டாள்.

"அந்தக் கெணறு வேண்டாம்க்கா. கதையில கெணத்த எழுதாத."

அவளுக்கு அந்த நொடி வரை பேச்சிராஜாவின் சாவில் தம்பி மேல் சந்தேகமே இருந்ததில்லை. அவன் அப்போது பதினைந்து வயதுப் பையன். அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவளுடைய மனதில் அந்த வீட்டில் குற்றமில்லாத ஒரே ஆள் அவன்தான்.

"அவரு தவறி விழுந்தாருன்னுதான ஊரெல்லாம் சொன்னீய" என்றாள். "தவறி விழுந்தத நான் எழுதுனா ஒனக்கு என்ன?"

அவன் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கேட்டுப் பழகிய அவள் வாய் தானாகவே சின்னதிலிருந்து தொடங்கிவிட்டது.

"அவர எங்கன வச்சிருந்தீய?"

"பம்புசெட்டு ரூம்புல."

"பூட்டா, தாப்பாளா?"

"தாப்பாதான். வெளித் தாப்பா."

"சோறு?"

"நாந்தான் கொண்டுபோவேன். ரெண்டு நாளு. உங்க ரெண்டு பேரையும் எங்க அனுப்புனன்னு கேட்டாவ. கோயம்புத்தூருன்னாரு. சித்தப்பா ஆளு விட்டுச்சு. அங்க ஆரும் இல்லன்னு போன் வந்துது. மூணாவது நாளு…" நிறுத்தினான். "நான் கை வைக்கலக்கா. சத்தியமா வைக்கல."

"நீ சோறு கொண்டுபோறப்ப கூட ஆரு இருந்தா?"

வெளியே பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் தரையைப் பார்த்தான்.

"ஆரும் இல்ல" என்றான். பிறகு, கேட்காமலே, "தொறந்துவிட்டிருக்கலாம்க்கா" என்றான்.

அவனே தொடர்ந்தான். முதல் நாள் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு அவன் அழுதிருக்கிறான், அக்காவைக் காணோம் என்று. உள்ளே இருந்தவர் அவனைத் தேற்றியிருக்கிறார். "'ஒங்கக்கா நல்லா இருப்பா தம்பி. எந்தம்பி நல்லவன், பாத்துக்கிடுவான், நீ அழாத'ன்னாரு. அத எழுதிராதக்கா. எம்புள்ளைக ரெண்டும் பெரிசாயிட்டு வருது. நான் எங்கன போவேன்?"

"ரயிலுக்குப் போ" என்றாள். எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பைக்குள் அரிவாள் இல்லை. அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அன்று மாலை வெயிலுமுத்து பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பம்புசெட், தாழ்ப்பாள், கோயம்புத்தூர். கேட்டு முடித்து ஒரே கேள்வி கேட்டார்.

"அண்ணன் சோறு தின்னானாமா?"

அவள் அதைத் தம்பியிடம் கேட்கவில்லை. தெரியாது என்றாள்.

வெயிலுமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். "கெணத்த எழுது. பேர மாத்தாம எழுது."

அப்படித்தான் எழுதினாள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாளையத்தில் பேச்சிராஜா என்ற குதிரைக்காரன் தானியக் கொட்டாரத்தில் அடைக்கப்பட்டான். சோறு கொண்டுவந்த பையன் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனான். மூன்றாம் நாள் கிணறு. ஊரின் பெயரையும் கற்பனைப் பெயரிலிருந்து உண்மைப் பெயருக்கு மாற்றிவிட்டாள். இதை நான் அத்தியாயம் வெளியான பிறகே பார்த்தேன். முன்னால் கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

வாசகர்களுக்குக் கோபம் வந்தது. காதல் கதை என்று நம்பித்தானே வந்தோம் என்று ஒருவர். எப்போதும்போல அண்ணனை உயிரோடு கொண்டு வாருங்கள் அக்கா, ப்ளீஸ் என்று ஒரு பெண். பொம்மை அழுகிற படங்கள் வரிசையாக. நான்காம் நாள் வேறு மாதிரிச் செய்திகள் வர ஆரம்பித்தன. யார் நீ, எங்கே இருக்கிறாய், எங்கள் ஊரைப் பற்றி எழுத நீ யார். அந்த வாரக் கடைசியில் நாவலைக் காணோம். பலர் புகார் கொடுத்ததால் நீக்கப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது. முத்துநகையின் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். ஆறு நாவலும் அதோடு போயின. ஆறுமுகத்தாயின் பெயரிலும் அங்கே இப்போது யாரும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கோகிலவாணி பல தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள், எனக்குத் தெரியும் என்பதுபோல.

செம்பூர் வேலையை விட்டாள். தாராவி அறையையும் காலி செய்துகொண்டு நவி மும்பையில், நெருளில் ஒரு பழைய கட்டடத்தில் வாடகைக்குப் போனார்கள். வெயிலுமுத்து அங்கிருந்து தினமும் பட்டறைக்கு வண்டியேறி வந்து போனார். கீதாவுக்கு முதல் முறையாக எல்லாம் சொல்லப்பட்டது. "ஔர் ஆப் லோக் சுப் தே? இத்னே சால்?" என்று அவள் கத்தினாளாம். இத்தனை வருஷம் சும்மாவா இருந்தீர்கள் என்று. இரண்டு நாள் தகப்பனோடு பேசவில்லை.

வெயிலுமுத்து ஊருக்குப் போனது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். யாரிடமும் விவரம் சொல்லாமல் டிக்கெட் எடுத்தார். மனைவி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தோடு, பழைய சிநேகிதர் ஒருவர் ஏற்பாடு செய்த வக்கீலைக் கூட்டிக்கொண்டு, பெரிய போலீஸ் அதிகாரி ஒருவரிடம் மனு கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். பழைய கேசு, சாட்சி யாரு, பார்ப்போம் என்றார்கள். மகேஷ்குமார் மும்பைக்கே போனதில்லை என்று சொல்லிவிட்டான். வெயிலுமுத்து பஸ்ஸிலிருந்தே அந்தத் தோட்டத்தைப் பார்த்தார். கிணறு இருந்த இடத்தை மண் போட்டு நிரப்பி, மேலே சிமென்ட் களம் போட்டிருக்கிறார்கள். நெல் காய்ந்துகொண்டிருந்ததாம். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். கோகிலவாணிக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கு இல்லை.

கோகிலவாணி இப்போது வாஷி மார்க்கெட்டில் ஒரு மசாலாக் கடையில் பொட்டலம் ஒட்டுகிறாள். எழுதுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "காதலர்கள் தப்பிச்சு ஓடுற இடம் வரைக்கும் வருதுக்கா. அதுக்கு மேல, பின்னாடி ஊருல என்ன நடக்குதுன்னே புத்தி போகுது" என்றாள்.

இந்த வருஷம் தேரோட்டம் முடிந்த மூன்றாம் நாள் என்னை நெருளுக்கு வரச் சொன்னார்கள். இதுவரை பேச்சிராஜாவுக்கு அவர்கள் பிணம் மிதந்த நாளில்தான் படையல் வைத்து வந்தார்கள். செத்த நாள் இப்போதுதான் தெரிந்தது. நான் போனபோது அறையைக் கழுவி விட்டிருந்தார்கள். போட்டோ எதுவும் இல்லை, ஒரு விளக்கும் தலைவாழை இலையும்தான். சோறு வடித்தாகிவிட்டது. கீதா காய்கறிப் பைக்கு எதிரில் உட்கார்ந்து, "அப்பா, பெரியப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள்.

வெயிலுமுத்து வாயைத் திறந்தார். யோசித்தார். "புளிக்கொழம்பு" என்றார். உடனே, "இல்ல, அது எங்கம்மாவுக்கு" என்றார். "கருவாடு… கருவாடு நாந்தான் கேப்பேன்." கோகிலவாணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மும்பையில் எத்தனையோ பேரை எத்தனையோ கேட்டவள், இதை அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஞாபகம் இல்லம்மா" என்றார் வெயிலுமுத்து மகளிடம். "பதினெட்டு வருசமா அவன் செத்தத மட்டுந்தான் நெனச்சிருக்கேன்."

கீதா பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்து அரியத் தொடங்கினாள். நான் வெங்காயத்தை வாங்கிக்கொண்டேன்.